விமானத்துக்கு நாலு செட் போதுமா?

கேள்வி: ஐயா, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளத் துறையில் பல வருடம் இருந்துவிட்டு, போன ஆண்டு ஒரு சிறிய விமான நிறுவனத்துக்கு மாறினேன். எட்டு ஏ.டி.ஆர். விமானங்கள் (எழுபது சீட் ப்ரொப்பெல்லர் விமானம்), சென்னைதான் பேஸ். அடுத்த மாதம் இயக்குநர் கூட்டம். ‘வியாபாரத் திட்டத்தோடு இணைந்த மனிதவளத் திட்டம்’ ஒன்றைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார் எம்.டி. அவர் மனதில் இருப்பது இதுதான்: விமானத்துக்கு ஐந்து செட் பைலட் (ஒரு செட் என்றால் ஒரு கேப்டன், ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் என்கிற கோ-பைலட்) என்று இருப்பதை நாலாகக் குறைப்பது, மூட்டை ஏற்றி இறக்கும் வேலையை காண்ட்ராக்டுக்கு விடுவது, புது கேபின் க்ரூவை மூன்று வருட ஒப்பந்தத்தில் மட்டும் எடுப்பது. “இண்டிகோ இப்படித்தான் வளர்ந்தது” என்கிறார். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் மாதிரி ஊழியர்கள் சந்தோஷமாக ஓடி ஓடி வேலை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். பைலட்டுகளோ பெரிய கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இன்னொரு சிறு நிறுவனத்தின் இரண்டு விமானங்களை ஆட்களோடு எடுத்துக்கொள்ளும் பேச்சும் நடக்கிறது. நான் கூட்டத்தில் என்ன பேசுவது? இந்தத் துறைக்கென்று தனியாக ஏதாவது டிப்ளமோ படிக்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் எம்.டி.யைக் குறை சொல்லி ஆரம்பிக்க மாட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை எரிபொருளே தின்றுவிடுகிறது, சில சமயம் அதற்கும் மேல். அதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதாமாதம் அறிவிக்கும். பேரம் பேச வழியில்லை. விமான வாடகை டாலரில். விமான நிலையக் கட்டணமும் நம் கையில் இல்லை. நாமாகக் கூட்டிக் குறைக்க முடிகிற ஒரே வரி சம்பளம். அதனால்தான் எந்த விமான நிறுவனத்தில் நெருக்கடி என்றாலும் முதல் போன் மனிதவளத் துறைக்கு வருகிறது.

ஆனால் நீங்கள் வந்த தொழிற்சாலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆள் வரவில்லை என்றால் பக்கத்து லைனிலிருந்து ஒருவரை இழுப்பீர்கள். இல்லையென்றால் ஓவர்டைம். அதுவும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டி ஈடுகட்டுவீர்கள். இங்கே மூன்றுமே நடக்காது. ஏ.டி.ஆர். பைலட்டை ஏர்பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. காலி சீட்டோடு பறந்துபோன 6.10 விமானத்தை ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஓட்டி விற்க முடியாது. பணி நேர வரம்பு முடிந்துவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த பைலட் அடுத்த செக்டரை, அதாவது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கான அடுத்த பயணத்தை, எடுக்கக் கூடாது. எதிர்பாராத சூழ்நிலையில் கேப்டன் கொஞ்சம் நீட்டிக்கச் சம்மதிக்கலாம் என்று விதியில் இடம் உண்டு. அது அவருடைய முடிவு. நம் எக்செல் தாளில் முன்கூட்டியே எழுதி வைக்கும் எண் அல்ல.

அதனால் முதலில் நாலா ஐந்தா என்ற கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் கூட்டத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு ஏ.டி.ஆர். நாளுக்கு 9 மணி நேரம் பறக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 3,285 மணி. நாலு செட் என்றால் ஆளுக்கு 821 மணி. ஒரு பைலட் வருடத்தில் 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. “வரம்புக்கு இன்னும் 179 மணி பாக்கி இருக்கிறதே, நாலே தாராளம்” என்பார் உங்கள் நிதித் துறைத் தலைவர். இந்த வாதத்தை நான் கேட்காத நிறுவனமே இல்லை. காகிதத்தில் தப்பும் இல்லை.

இப்போது நாட்களை எண்ணுங்கள். 365 நாள். வாராந்திர ஓய்வு இப்போது தொடர்ந்து 48 மணி நேரம். அதற்கே ஏறக்குறைய 104 நாள் போகும். மிச்சம் 261. ஆண்டு விடுப்பு 30 என்றால் 231. சிமுலேட்டர், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு வகுப்புகள் எல்லாம் சேர்த்து 15 நாள், 216. காய்ச்சல், கழுத்துவலி, வீட்டில் துக்கம் என்று 10 நாள், 206. ஸ்டாண்ட்பை (அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது) போடுகிற நாட்கள் 30, 176. இரவு தாமதமாக இறங்கியதால் மறுநாள் ஓய்வில் கழிந்தது, வேறு ஊருக்குப் பயணியாகப் போய் அங்கிருந்து விமானத்தை எடுத்தது என்று ஒரு 10 நாள் கழித்தால் 166. குட்டி செக்டர்களில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலேகால் மணி பறந்தால் பெரிய விஷயம். ஆக ஒரு பைலட்டிடம் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது வருடத்துக்கு 700 மணி சொச்சம். 3,285-ஐ 700-ஆல் வகுத்தால் 4.7. ஐந்து செட் என்று யாரோ முன்னால் போட்டு வைத்தது தர்ம சிந்தனையில் இல்லை.

இந்த எண்கள் என் உத்தேசம். யாருக்கு எந்த நாள் எந்த விமானம் என்று பணிப் பட்டியல் போடும் உங்கள் ரோஸ்டர் மென்பொருளிலிருந்து போன பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்து ஒவ்வொரு வரியிலும் உங்கள் எண்ணைப் போடுங்கள். கூட்டத்தில் இந்த ஒரு தாளை மட்டும் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நாலு செட்டில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு நாளை எடுத்துச் சொல்லுங்கள். போகிப் பண்டிகை காலை என்று வைத்துக்கொள்வோம். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டம் விமான நிலையத்தை என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும். அதிகாலை மூன்று மணிக்கு பைலட், கேபின் க்ரூவை விமானங்களுக்கு அனுப்பும் க்ரூ கன்ட்ரோல் அறைக்கு ஒரு கேப்டன் போன் செய்கிறார்: வயிற்றுப்போக்கு, வர முடியாது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் ஒரே கேப்டனை எழுப்பி அந்த விமானத்தில் போட்டாயிற்று. இன்னொரு செட் 5.15-க்கு வந்து ரிப்போர்ட் செய்கிறது. தூத்துக்குடி போய் வந்து, சேலம் போய் வந்து, திருச்சி போய் வந்து மாலை 3.30-க்கு இறங்க வேண்டும். புகையில் எதுவும் கிளம்பவில்லை. முதல் விமானம் 9.20-க்குத்தான் ஓடுபாதையைப் பார்க்கிறது. அந்த செட் எல்லாவற்றையும் முடிக்க மாலை 6.40 ஆகும். பதின்மூன்றரை மணி நேரப் பணி, அதுவும் ஆறு முறை இறங்கி ஏறி. விதி விடாது. ஆக சேலத்திலிருந்து வந்ததும் அவர்கள் இறங்கிக்கொள்கிறார்கள். விமானம் நன்றாக இருக்கிறது, புகையும் கலைந்துவிட்டது, சென்னையில் எழுபது பேரும் திருச்சியில் எழுபது பேரும் காத்திருக்கிறார்கள். ஓட்ட ஆள் இல்லை. ஐந்தாவது செட் இருந்திருந்தால் ஸ்டாண்ட்பையில் இன்னொரு கேப்டன் இருந்திருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

பணமாகவும் சொல்ல வேண்டும். இயக்குநர்களுக்கு அந்த மொழிதான் புரியும். 70 சீட்டில் 75 சதவீதம் நிரம்பி, சராசரி டிக்கெட் 4,000 ரூபாய் என்றால் ஒரு செக்டர் வருமானம் 2.1 லட்சம். ஒரு விமானத்தில் நாலு செக்டர் ரத்தானால் 8.4 லட்சம். எரிபொருள் மிச்சம், இறங்கு கட்டணம் மிச்சம் என்று பாதியைக் கழித்துவிடுங்கள். மாற்று டிக்கெட், ஓட்டல், சாப்பாடு என்று கொஞ்சம் திரும்பச் சேரும். ஒரு கேப்டனும் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரும் சேர்ந்து உங்களுக்கு மாதம் 8 லட்சம் ஆகிறார்கள் என்றால், மாதத்தில் இரண்டு நாள் ஒரு விமானம் ஆளில்லாமல் நின்றாலே ஒரு செட்டைக் குறைத்த லாபம் போய்விடும். மூன்றாவது நாளிலிருந்து நஷ்டம். நூறு இலைக்குச் சமைக்கச் சொன்னால் எந்த சமையல்காரரும் நூற்றுப்பத்துக்கு உலை வைக்கிற மாதிரி, அந்த ஐந்தாவது செட் வியாபாரத்தின் பகுதி.

அடுத்து இண்டிகோ. 2006 ஆகஸ்டில் பறக்க ஆரம்பித்து, உள்நாட்டில் பத்துப் பயணிகளில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் நிறுவனமாக வளர்ந்ததை யாரும் மறுக்க முடியாது. முதல் பத்து வருடம் ஒரே வகை விமானம், வேகமான டர்ன்அரவுண்ட் (இறங்கிய விமானத்தை மறுபடி கிளப்புவது), இரவு பகலாக விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவது, ஆள் சிக்கனம். உங்கள் எம்.டி. பார்த்தது உண்மைதான். ஆனால் அவர் 2025 டிசம்பரையும் பார்க்க வேண்டும்.

விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. பைலட்டுகளின் பணி நேர விதிகளைத் திருத்தி அறிவித்தது 2024 ஜனவரியில். வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது அதிகாலை 5 வரை என்று இருந்தது 6 வரை என்று ஆனது. இரவில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, அவகாசம் கேட்டன, நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பர் 1-இல் மிச்சம் என்று அமலானது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமான நிலையங்களில் மூட்டை மூட்டையாகப் பெட்டிகள் குவிந்து கிடந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அரசாங்கம் இறங்கி டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு போட்டது; இரவு விதிகளிலிருந்து நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தர வேண்டியதாயிற்று; அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது; பிறகு 22 கோடி ரூபாய் அளவுக்கு அபராதமும் வந்தது.

அதே விதி மற்ற நிறுவனங்களுக்கும்தான். அவர்கள் இந்த அளவுக்குச் சரியவில்லை. என் பார்வையில் இண்டிகோவின் முறை தப்பில்லை. மிச்சம் வைக்காமல் ஓட்டியதுதான் தப்பு. விதி மாறப்போகிறது என்று தெரிந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கையில் இருந்தது. விமானம் வாங்கும் வேகத்துக்கு ஆள் எடுக்கும் வேகம் ஈடுகொடுக்கிறதா என்று அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் யார்? உங்கள் பதவியில் இருப்பவர்தான். புதுப் பையனை எடுத்து, அந்த விமான வகைக்குப் பயிற்சி கொடுத்து, செக் கேப்டன் (பயிற்சி கொடுத்துச் சோதிக்கும் மூத்த கேப்டன்) பக்கத்தில் உட்கார்ந்து, பயணிகளோடு பறக்கும் விமானத்திலேயே நடக்கும் லைன் ட்ரெயினிங் முடிப்பதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். ஃபர்ஸ்ட் ஆபீசர் கேப்டன் ஆவதற்கு வருடக்கணக்கு. பணத்தைக் கொட்டினாலும் இந்தக் காலத்தைச் சுருக்க முடியாது.

விடுப்பு விஷயத்திலும் ஒரு வார்த்தை. அயர்லாந்தின் ரயன்ஏர் 2017 செப்டம்பரில் திடீரென்று ஆறு வாரத்துக்கு இரண்டாயிரம் விமானங்களை ரத்து செய்தது. வேலைநிறுத்தமும் இல்லை, புயலும் இல்லை. விடுப்பு வருடத்தை ஏப்ரல்–மார்ச் என்பதிலிருந்து ஜனவரி–டிசம்பருக்கு மாற்றியபோது, பைலட்டுகளுக்குத் தர வேண்டிய விடுப்பெல்லாம் ஒரே காலத்தில் வந்து குவிந்துவிட்டது. பிறகு குளிர்கால அட்டவணையிலிருந்து இன்னும் 18,000 விமானங்களை எடுத்துவிட்டார்கள். தொழிற்சங்கம் என்ற பேச்சே கூடாது என்று முப்பது வருடம் நின்ற நிறுவனம், அந்த டிசம்பரிலேயே பைலட் சங்கங்களை அங்கீகரிக்கிறோம் என்று இறங்கி வந்தது. விடுப்புப் பதிவேடு உங்கள் துறையில் ஏதோ ஒரு ஜூனியர் மேஜையில்தானே இருக்கிறது? நாளைக்கே எடுத்துப் பாருங்கள். ஏப்ரல், மே, தீபாவளி வாரம், பொங்கல் வாரம் இந்த நாலிலும் யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று.

பைலட்டுகள் விட்டுப் போய்க்கொண்டே இருப்பதற்கு வருகிறேன். டி.ஜி.சி.ஏ. 2017-இல் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் நோட்டீஸ் காலம். உங்கள் எம்.டி. அதை வேலியாக நினைக்கிறார். 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தில் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள். விமானங்களை ரத்து செய்ய வேண்டியிருந்தது. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடத்தலாம், ஆனால் வழக்குக் கட்டு விமானத்தை ஓட்டாது. பயிற்சி பாண்டும் (பயிற்சிக்குப் பிறகு சீக்கிரம் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) அப்படியே. பெரிய நிறுவனத்துக்கு ஆள் தேவை என்றால் பாண்டுப் பணத்தை அவர்களே கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

சம்பளத்தில் பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், தோற்பீர்கள். எட்டு ஏ.டி.ஆர். வைத்திருக்கும் உங்களால் கொடுக்க முடிந்த ஒன்று அவர்களிடம் இல்லை: தினமும் ராத்திரி சொந்த வீட்டில் தூக்கம். உங்கள் விமானங்கள் எல்லாம் மாலையில் சென்னைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் ரோஸ்டரை மாதத்தில் எத்தனை முறை மாற்றுகிறீர்கள்? ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘நாளை 4.30 பிக்கப்’ என்று வந்தால் வீட்டில் படுத்து என்ன பயன்? 25-ஆம் தேதி வெளியிட்ட ரோஸ்டரில் எத்தனை வரி கடைசி வரை மாறாமல் நின்றது என்ற சதவீதத்தை மாதாமாதம் இயக்குநர் அறிக்கையில் போடுங்கள். ‘ஊழியர் திருப்தி’ சர்வேயை விட நூறு மடங்கு நம்பகமான எண் அது.

இரண்டாவது, சீக்கிரம் கேப்டன் ஆகும் வாய்ப்பு. பெரிய நிறுவனத்தில் சீனியாரிட்டி பட்டியலில் ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்கும் பையன் உங்களிடம் சில வருடத்தில் கேப்டன் உட்காரும் இடது சீட்டுக்கு வந்துவிடலாம். வந்த பிறகு போய்விடுவான். போகட்டும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் திட்டத்திலேயே எழுதுங்கள்: வருடத்துக்கு இத்தனை கேப்டன்கள் போவார்கள், இத்தனை பேரை உயர்த்துவோம், அதற்கு இத்தனை செக் கேப்டன்கள் வேண்டும். செக் கேப்டன்களை மட்டும் எப்பாடு பட்டாவது பிடித்து வையுங்கள். அவர்களுக்குச் சம்பளம் தனியாக உயர்த்துவதில் தயங்க வேண்டாம். ஒரு செக் கேப்டன் போனால் அவர் பயிற்சி கொடுக்க இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

இனி சவுத்வெஸ்ட். மேலாண்மைப் படிப்பில் எல்லோரும் படித்த கதை, பாதியோடு விட்ட கதையும் கூட. 1971 ஜூனில் டெக்சாஸின் மூன்று நகரங்களுக்கு நடுவே பறக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே பணம் இல்லாமல் நாலு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நாலு விமான அட்டவணையை மூன்றை வைத்து ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு விமானம் இறங்கிப் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். எல்லோரும் எல்லா வேலைக்கும் கைகொடுத்தார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது: வந்த லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டை 1970-களின் முதல் பாதியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஊழியர்களில் பத்தில் எட்டுப் பேர் தொழிற்சங்க உறுப்பினர்கள். 2025 வரை ஆட்குறைப்பு என்று கும்பலாக யாரையும் அனுப்பியதில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற அமெரிக்க நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பியபோதும் அனுப்பவில்லை. 1973-இலிருந்து 2019 வரை ஒரு வருடம் கூட நஷ்டம் இல்லை. சிரித்த முகம் இந்த ஏற்பாடுகளின் விளைவு. உங்கள் எம்.டி. மூன்று வருட ஒப்பந்தத்தையும் அந்தச் சிரிப்பையும் ஒரே சீட்டில் எழுதிக் கேட்கிறார்.

அந்த சவுத்வெஸ்டே 2022 டிசம்பரில் கவிழ்ந்தது. குளிர்புயல் எல்லா நிறுவனங்களையும் அடித்தது. மற்றவர்கள் ஓரிரு நாளில் எழுந்துவிட்டார்கள். சவுத்வெஸ்டில் மட்டும் எந்த பைலட் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போனது. க்ரூ ஆட்கள் ‘நான் இங்கே இருக்கிறேன், எனக்கு விமானம் கொடுங்கள்’ என்று சொல்ல மணிக்கணக்கில் போனில் காத்திருந்தார்கள். 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து, 20 லட்சம் பேர் தவித்தார்கள், 14 கோடி டாலர் அபராதம். அந்த மென்பொருள் தாங்காது என்று பைலட் சங்கம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே இருந்து வந்த எச்சரிக்கை மேலே போய்ச் சேரவில்லை என்றால் ஐம்பது வருட நல்ல பெயரும் காப்பாற்றாது. 2025 பிப்ரவரியில், பங்குதாரர் நெருக்கடிக்கு நடுவே, தலைமை அலுவலகம் சார்ந்த 1,750 பேரை அனுப்பினார்கள், அந்த நிறுவன வரலாற்றில் முதல் முறையாக. பழைய சவுத்வெஸ்டைப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

மூட்டை ஏற்றும் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடுவது பற்றி. சட்டப் பக்கத்தை உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். நான் பார்ப்பது வேறு. ஏ.டி.ஆரில் சரக்குக் கதவு முன்பக்கம், இடது புறம், தரையிலிருந்து அதிக உயரம் இல்லை. பக்கத்திலேயே ப்ரொப்பெல்லர். மழை பெய்யும் இரவில், இருபத்தைந்து நிமிடத்துக்குள் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டிய அவசரத்தில், ட்ராலி முனை விமான உடம்பில் இடித்துச் சின்னதாக ஒரு பள்ளம் விழுகிறது. அதைப் பார்த்தது அந்த லோடர் ஒருவன்தான். சொன்னால் நாளைக்குக் காண்ட்ராக்டர் அவனை வரவேண்டாம் என்பான் என்றால், அவன் சொல்வானா? சொல்லாமல் விட்டால் அந்த விமானம் அப்படியே மேலே போகும். ‘சொன்னவனுக்குத் தண்டனை இல்லை’ என்று சுவரில் போஸ்டர் ஒட்டலாம். அதை நம்புவதற்கு அவனுக்கு நாளைக்கும் வேலை இருக்க வேண்டும். உங்கள் எம்.டி.க்குப் பிடித்த இண்டிகோ கூட தரைப்பணியை அஜைல் என்ற தன் சொந்தத் துணை நிறுவனத்தில்தான் வைத்திருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொல்ல மறக்காதீர்கள்.

கேபின் க்ரூவுக்கு மூன்று வருட ஒப்பந்தம் என்பதை நான் முழுக்க எதிர்க்கவில்லை. சிலருக்கு அது பொருந்தும். ஆனால் பழையவர்களும் புதியவர்களும் ஒரே விமானத்தில், ஒரே சீருடையில், வேறு வேறு விதிகளோடு வேலை செய்யும்போது என்ன ஆகும் என்பதற்கு 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட்டோடு (பழைய ஏர் ஏசியா இந்தியா) இணைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சமமாக நடத்தவில்லை என்ற குறை கேபின் க்ரூவிடம் இருந்தது. ஒரு ராத்திரியில் முன்னூறு பேர் அளவில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்கள். இரண்டு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் 25 பேரை நீக்கியது. டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னால் உட்கார்ந்து பேசி, அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நீக்கி, இரண்டே நாளில் திரும்ப எடுத்தால் அடுத்த முறை யார் பயப்படுவார்கள்? ஜெட் ஏர்வேஸ் 2008 அக்டோபரில் செய்ததும் அதேதான். 1,900 பேர் வேண்டாம் என்றார்கள், சீருடையோடு பெண்களும் பையன்களும் மும்பையில் தெருவுக்கு வந்தார்கள், நிறுவனத் தலைவர் நரேஷ் கோயல் மறுநாளே எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டார். ஆட்களை எடுப்பதானாலும் அனுப்புவதானாலும் நிற்க முடிகிற முடிவாக இருந்தால்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு விமானப் பேச்சில் நீங்கள் இப்போதே உள்ளே நுழைய வேண்டும். கையெழுத்தான பிறகு கூப்பிடுவார்கள். அப்போது காலம் கடந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கிருந்து வரும் ஃபர்ஸ்ட் ஆபீசர் நம் சீனியாரிட்டி பட்டியலில் எங்கே உட்காருவார்? அந்த நிறுவனத்தில் சேர்ந்த தேதிப்படியா, நம்மோடு இணைந்த தேதிப்படியா? இதற்கு விடை சொல்லாமல் 2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து, புது போயிங் ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி எந்தப் பக்கத்துப் பைலட்டுக்கு என்ற சண்டையில் 2012-இல் 58 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த டாடா நிர்வாகத்திலும் 2024 ஏப்ரலில், ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாரா பைலட்டுகளுக்கு உத்தரவாதப் பறக்கும் நேரத்தை (குறைவாகப் பறந்தாலும் சம்பளம் உறுதியான மாத நேரம்) 70 மணியிலிருந்து 40-ஆக்கிப் புது ஒப்பந்தம் கொடுத்தபோது, விமானங்கள் ரத்தாகி அட்டவணையில் ஒரு பகுதியையே குறைக்க வேண்டி வந்தது. பெரிய வீடுகளிலேயே இப்படி. உங்களுக்குப் பத்து விமானம்தான், பைலட்டுகள் நூறு பேர்தான் இருப்பார்கள். எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்துப் பேசி, பட்டியலை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு விமானத்துக்குக் கையெழுத்துப் போடலாம். இந்த வசதி பெரிய நிறுவனங்களுக்குக் கிடையாது.

எனவே கூட்டத்துக்கு மூன்று தாள்களோடு போங்கள். செட் கணக்கு ஒன்று. மாதவாரியாக யார் போவார்கள், யார் வருவார்கள், யார் கேப்டன் ஆவார்கள் என்ற பட்டியல் ஒன்று, பதினெட்டு மாதத்துக்கு. போன வருடம் ஆள் இல்லாமல் ரத்தான ஒவ்வொரு செக்டரும், அதன் வருமான இழப்பும் ஒன்று. பல வண்ணப் படங்கள், நாலு கட்ட மாடல்கள் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தீர்மானம் கேளுங்கள்: கோடை அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வணிகத் துறை இறுதி செய்யும் முன், இத்தனை செட்டுக்கு ஆள் இருக்கிறது என்று மனிதவளத் துறையும் விமான இயக்கத் துறையும் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் சண்டை போட வேண்டாம். நாலு செட்டில் ஓட்ட முடியாது என்ற உங்கள் கணக்கைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அது கோபத்தில் செய்வதல்ல, நாளைக்கு டி.ஜி.சி.ஏ. ஆள் வந்து கேட்கும்போது உங்களுக்கும் எம்.டி.க்கும் சேர்த்தே உதவும்.

டிப்ளமோ? தேவையில்லை, பணத்தை வீணாக்காதீர்கள். தொழிலாளர் சட்டமும் சம்பளக் கணக்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ரோஸ்டர். க்ரூ கன்ட்ரோல் மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் இரவு ஷிப்டில், பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை, அந்த அறையில் ஒரு மூலையில் உட்காருங்கள். போனை எடுக்க வேண்டாம், யோசனை சொல்ல வேண்டாம். யார் எதற்குப் போன் செய்கிறார்கள், அந்த ஷிப்டில் இருக்கும் பையன் எந்தப் பெயரை முதலில் தேடுகிறான், எந்த கேப்டனைக் கேட்கவே தயங்குகிறான் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஜனவரி வரை தள்ளிப்போட்டால் பொங்கல் நெரிசலில் உங்களை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டார்கள்.